சடையன் அமுக்கிய பட்டன்

அன்புச்செல்விக்குக் கணக்கு வரும், பேச்சுத்தான் வராது என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். குமாரபாளையத்தில் விசைத்தறி ஓடும் வீட்டில் பிறந்தவள். தறி ஓடும்போது பேச வேண்டுமானால் கத்த வேண்டும். கத்தப் பிடிக்காதவர்கள் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். அவள் அந்த ரகம். பி.ஈ. முடித்ததும் கூடப் படித்தவர்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் போனார்கள். நேர்முகத்தில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாத அவளுக்கு எங்கும் அமையவில்லை. கடைசியில் நாமக்கல்லில், பரமத்தி ரோட்டில், ஒரு டயர் கடையின் மாடியில் இருந்த கம்பெனிக்குப் போனாள். முதலாளி செல்லமுத்து கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஒரு சர்க்யூட் பலகையைக் கையில் கொடுத்து, "இந்த லைட்டை அரை நொடிக்கு ஒருக்கா எரிய வையி, பாக்கலாம்" என்றார். பத்து நிமிடத்தில் எரிய வைத்தாள். மறுநாளே வேலை.

செல்லமுத்து முன்பு லாரிகளுக்கு வயரிங் செய்து பிழைத்தவர். பிறகு கோழிப்பண்ணைகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்ய ஆரம்பித்தார். சுவரெல்லாம் அடைத்த புது மாதிரி ஷெட்டுகளில் ஒரு கோடியில் பெரிய பெரிய விசிறிகள் சுழன்று காற்றை உறிஞ்சும். மறுகோடியில் ஈர அட்டைகள் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். ஜன்னல் கிடையாது. விசிறி நின்றால் மூச்சு நின்ற மாதிரிதான். கரண்ட் போனால் ஜெனரேட்டரைக் கிளப்ப வேண்டும், சூடு ஏறினால் விசிறியைக் கூட்ட வேண்டும். இதையெல்லாம் தானாகச் செய்யும் பெட்டி அது. அதற்குள் ஓடும் நிரல் முழுக்க அன்புச்செல்வி எழுதியது. ஐந்து வருடத்தில் நாற்பத்திரண்டு பண்ணைகளில் அந்தப் பெட்டி தொங்கியது. அவளுக்குக் கல்யாணம் இரண்டு இடத்தில் பேசி நின்றுபோயிருந்தது. அந்த வருத்தத்தையெல்லாம் அவள் பெரிதாகச் சுமந்ததில்லை. பெட்டி ஓடுகிறதா, அது போதும்.

புதுச்சத்திரம் பக்கம் நவநீதகிருஷ்ணனின் பண்ணையில் பெட்டி மாட்டப் போனபோதுதான் சடையனைப் பார்த்தாள். ஐம்பது வயது இருக்கும். கட்டையான ஆள். பண்ணையில் இருபது வருடமாக வேலை. ஏணி பிடிப்பது, வயர் இழுப்பது, இளநீர் வெட்டித் தருவது எல்லாம் அவர்தான். அவருக்குக் காது அபாரம். ஒருநாள் ஷெட் வாசலில் நின்றவர், "மூணாவது விசிறி அழுவுதுங்க அம்மணி" என்றார். ஏறிப் பார்த்தால் பேரிங் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது வாரம் எல்லாம் முடிந்து அவள் கிளம்பும்போது, அவர் தயங்கித் தயங்கி வந்தார்.

"ஏனுங்க அம்மணி, இந்தப் பச்சைப் பட்டனு இருக்குதுல்லீங்க, கையில விசிறியப் போடறது. அது எப்பவாச்சும் ஒருக்கா எடுக்கறதில்லீங்க."

"எப்பண்ணா எடுக்கறதில்ல?"

"சொல்லத் தெரியலீங்க. நல்லாத்தான் எடுக்குது. நேத்து கரண்ட் போயி வந்தப்ப மட்டும் அமுக்குனேன், கம்முனு இருந்துச்சு. அப்பறம் பெட்டியவே நிறுத்திப் போட்டேன், சரியாப் போச்சு."

"பட்டன் லூசா இருக்கும்ணா" என்று சொல்லி, புதுப் பட்டன் ஒன்றை மாற்றிவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

2022 மே மாதம். அக்கினி நட்சத்திர வெயில். மதியம் இரண்டு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குக் கரண்ட் போனது. நவநீதகிருஷ்ணன் ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். மற்ற ஆட்கள் தீவன மூட்டை இறக்கப் போயிருந்தார்கள். ஷெட்டில் பதினாலாயிரம் கோழி, சடையன் ஒருவர்.

செய்தி கேட்டு நவநீதகிருஷ்ணன் வந்து சேர்ந்தபோது விசிறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. சுவிட்ச் அலமாரியின் பூட்டைக் கடப்பாரையால் யாரோ உடைத்திருந்தார்கள். சடையன் ஷெட்டுக்கு நடுவில் நின்று, குழாயைப் பிடித்து, கிடந்த கோழிகள் மேல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். எதுவும் எழுந்திருக்கவில்லை. ஆயிரத்துச் சொச்சம் மிஞ்சியது.

"பட்டன அமுக்குனேன் மொதலாளி. ஏறவே இல்லீங்க. பத்துத் தடவ அமுக்குனேன். பெட்டிய நிறுத்திப் போடலாம்னா அலமாரி பூட்டிக் கெடந்துச்சு. சாவி உங்க ஊட்ல. ஓடிப் போயிக் கடப்பாரைய எடுத்துட்டு வந்து..."

நவநீதகிருஷ்ணன் அவரை எல்லார் முன்னாலும் அறைந்தார்.

மறுநாள் காலை செல்லமுத்துவும் அன்புச்செல்வியும் பண்ணைக்குப் போனார்கள். ஜே.சி.பி. குழி தோண்டிக்கொண்டிருந்தது. அந்த நாற்றத்தை அவள் மறக்க மூன்று மாதம் ஆனது. மடிக்கணினியைப் பெட்டியில் இணைத்துப் பதிவுகளை எடுத்தாள். இரண்டு பன்னிரண்டுக்குக் கரண்ட் போயிருக்கிறது. அதே நிமிடம் ஜெனரேட்டர் கிளம்பியிருக்கிறது. இரண்டு நாற்பத்தொன்றுக்குப் பெட்டியின் மின்சாரமே நின்றிருக்கிறது. அதுதான் சடையன் பூட்டை உடைத்து, பெட்டியைத் தவிர்த்து, விசிறிகளுக்கு நேரே மின்சாரம் கொடுத்த நேரம். இடையில் இருபத்தொன்பது நிமிடத்துக்கு ஒரு வரிகூட இல்லை. பட்டனை அமுக்கினால் ஒரு வரி விழ வேண்டும். விழவில்லை.

அவள் ஒரு பக்க அறிக்கை எழுதினாள். ஜெனரேட்டர் சரியாக இயங்கியது என்று ஒரு வரி. பெட்டியை முந்நூறு முறை சோதித்துத்தான் கொடுத்திருக்கிறோம் என்று ஒரு வரி. கைப்பட்டன் அமுக்கப்பட்டதற்கான பதிவு எதுவும் இல்லை என்று ஒரு வரி. எல்லாம் உண்மை. பதிவு இல்லை என்பதும் அமுக்கவில்லை என்பதும் வேறு வேறு என்று எழுதும்போதே அவளுக்குத் தெரியும். படிக்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாகத்தான் படிப்பார்கள் என்பதும் தெரியும். அதை விளக்க அவள் வாய் திறக்கவில்லை.

பண்ணை அலுவலகத்தில் நவநீதகிருஷ்ணன் அதைப் படித்து முடித்ததும், வாசலில் நின்ற சடையன் முதலாளியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்க அம்மணி. நான் அமுக்குனேங்க."

"அதுல விழலைங்களே அண்ணா" என்றாள் அன்புச்செல்வி, தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டு நடந்தார். குடித்துவிட்டுத் தூங்கியிருப்பான் என்று யாரோ சொன்னார்கள். நோம்பி, பண்டிகை நாளில் அவர் குடிப்பது ஊருக்கே தெரியும் என்பதால் அந்தப் பேச்சு சுலபமாக ஒட்டிக்கொண்டது. எழுந்ததும் பயந்துபோய்ப் பூட்டை உடைத்து நாடகம் ஆடினான் என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த வருடம் அன்புச்செல்வி திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பகுதிநேர எம்.ஈ. படித்துக்கொண்டிருந்தாள். வழிகாட்டிப் பேராசிரியர் அவளைவிட நாலு வயது இளையவர். அவளை மேடம் என்றே கூப்பிடுவார். கடைசி வருட வேலைக்கு அவர் ஒரு தலைப்புக் கொடுத்தார். ஒரே நேரத்தில் ஓடும் பல நிரல்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்வதைக் குறியீடுகளால் எழுதும் ஒரு கணித முறை உண்டு. அந்த முறையைப் பைத்தான் மொழியில் உயிர்கொடுத்து ஓடவைக்க வேண்டும். கேட்டதுமே அவளுக்குப் பிடித்துவிட்டது. அது பேச்சைக் கணக்காக எழுதுகிற வித்தை. பேச்சு வராத, கணக்கு வருகிற ஒருத்திக்கு வேறென்ன வேண்டும்?

அந்த முறையில் எவ்வளவு பெரிய வேலையும் சில எழுத்துகளில் அடங்கிவிடும். இதைச் செய், பிறகு அதைச் செய். அல்லது இதற்கும் அதற்கும் காத்திரு. எது முதலில் வருகிறதோ அதன் வழியே போ. இரண்டு வேலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்று கொடுக்கக் கை நீட்டி, மற்றது வாங்கக் கை நீட்டினால் மட்டுமே செய்தி கைமாறும். எதிராளி வாங்க வரவில்லை என்றால் நீட்டியவர் நீட்டியபடியே நிற்க வேண்டியதுதான். போட்டுவிட்டுப் போக முடியாது.

முதலில் அவள் அதைத் தப்பாகத்தான் செய்தாள். கொடுப்பவர் செய்தியை ஒரு வரிசையில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிற மாதிரி எழுதியிருந்தாள். எல்லா உதாரணமும் அழகாக ஓடியது. பேராசிரியர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மேடம், இது தபால்பெட்டி. நம்மளுது கைக்குக் கை" என்றார். இரண்டு மாத வேலையை அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். இப்போது நிரலின் நடு மையத்தில் ஒரு சிறு பகுதி உட்கார்ந்திருந்தது. இந்த நிமிடம் யார் யார் எதைக் கொடுக்க நிற்கிறார்கள், யார் யார் எதை வாங்க நிற்கிறார்கள் என்று பார்த்து, பொருந்துகிற ஜோடிகளை மட்டும் நகர்த்துவதுதான் அதன் வேலை. ஒன்றுக்கு மேல் ஜோடி பொருந்தினால் ஒவ்வொன்றையும் தனித்தனி வழியாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வழியிலும் கடைசிவரை போய்ப் பார்க்கும். சோதனை செய்கிற மனிதர் முந்நூறு முறை நடந்தாலும் முந்நூறு வழிதான் நடந்திருப்பார். பல முறை அதே வழியில்தான் நடந்திருப்பார். இது எல்லா வழியிலும் நடந்துவிட்டு வரும்.

சின்னச் சின்ன உதாரணங்கள் முடிந்தன. பஸ் கண்டக்டரும் பயணியும் என்று ஒன்று, ரயில்வே கேட் ஒன்று. நிஜமான அளவில் ஒன்று வேண்டும் என்றார் பேராசிரியர். அவள் கைவசம் நிஜமாக இருந்தது ஒன்றுதான். அவளுடைய பெட்டி. விசிறிப் பகுதி, ஜெனரேட்டர் பகுதி, வெப்பமானி, பச்சைப் பட்டன் என்று நான்கு வேலைகளாகப் பிரித்து எழுதினாள். அந்த மே மாதத்தை அவள் நினைக்கவே இல்லை. எங்கும் சிக்காமல் சுத்தமாக வரும், அட்டவணையில் அழகாக இருக்கும் என்றுதான் எடுத்தாள்.

2024 பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்து ஓடவிட்டாள். இருநூற்றுப் பதினாறு நிலைகள் என்று காட்டியது. அதற்குக் கீழே, எந்த வேலையும் நகர முடியாமல் முட்டி நிற்கும் நிலை ஒன்று என்று காட்டியது.

தன் மையப் பகுதியில்தான் ஏதோ பிழை என்று நினைத்தாள். அந்த நிலைக்கு வந்த வழியை வரிவரியாக அச்சிடச் சொன்னாள். பன்னிரண்டு வரி வந்தது. கரண்ட் போகிறது. ஜெனரேட்டர் கிளம்புகிறது. அதே கணத்தில் ஷெட்டின் சூடு எல்லையைத் தாண்டுகிறது. விசிறிப் பகுதி, இன்னும் நாலு விசிறி போட வேண்டும், பளு தாங்குமா என்று கேட்க ஜெனரேட்டர் பகுதியிடம் கை நீட்டுகிறது. ஜெனரேட்டர் பகுதி, மின்சாரம் தயார் என்று சொல்ல விசிறிப் பகுதியிடம் கை நீட்டுகிறது. இரண்டும் கொடுக்க நிற்கின்றன. வாங்க யாரும் இல்லை. பன்னிரண்டாவது வரி: பட்டன் அமுக்கப்படுகிறது. பட்டனின் செய்தியை வாங்க வேண்டியதும் விசிறிப் பகுதிதான். அது கை நீட்டியபடி நிற்கிறது. வாங்காத செய்தி பதிவிலும் விழாது.

அன்புச்செல்வி அந்தப் பன்னிரண்டாவது வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். தலைமுடி காய்ந்து வெயில் ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்தது. கீழ்வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

கணக்கு சொல்வது மட்டும் போதாது என்று திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒரு பெட்டியை மேசையில் வைத்தாள். விசிறிகளுக்குப் பதில் சிறு பல்புகள். இரண்டு செய்திகளும் ஒரே கணத்தில் கிளம்பும்படி நேரத்தை நிறுத்தி வைத்து, மின்சாரத்தைத் துண்டித்தாள். ஜெனரேட்டர் விளக்கு எரிந்தது. விசிறிப் பல்புகள் எரியவில்லை. பச்சைப் பட்டனை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். இன்னொரு விரலால் அமுக்கினாள். பல்பு எரியவில்லை. பட்டன் லூசு எல்லாம் இல்லை. விரலுக்கு அடியில் கச்சிதமாகக் கிளிக் கிளிக் என்றது. பிறகு பெட்டியை நிறுத்திப் போட்டாள். எல்லாம் சரியாக எரிந்தது. பெட்டி மாட்டிய மூன்றாவது வாரமே அந்த மனிதர் இதைத்தான், இதே சொற்களில் சொல்லியிருந்தார்.

செல்லமுத்துவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் புதுச்சத்திரத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. சடையன் வீடு எது என்று கேட்டபோது பெட்டிக்கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "மாரி ஊடுங்களா? தண்ணி டேங்குக்கு அக்கட்டால, நீலக் கதவு" என்றார்.

நீலக் கதவுக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது சொல்லலாம். கழுத்தில் ஒன்றுமில்லை.

"சடையண்ணன் இருக்காருங்களா?"

அந்தப் பெண் கையை நிறுத்தினாள். "நீங்க ஆருங்க?"

"பண்ணையில பெட்டி மாட்டுனவங்க. அன்புச்செல்வி."

"அவரு செத்துப் பதினோரு மாசம் ஆச்சுங்க" என்றாள் மாரி.

பண்ணையை விட்டு அனுப்பியபின் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பண்ணையும் அவரைச் சேர்க்கவில்லை. தூங்கிப் பதிமூணாயிரம் கோழியைக் கொன்றவன் என்ற பேர் அவருக்கு முன்னால் போய் நின்றது. இருபது வருடம் கோழியோடு இருந்த ஆளுக்கு வேறு தொழில் தெரியாது. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடப் போகும் ரிக் வண்டியில் ஏறி ராய்ப்பூர்ப் பக்கம் போனார். இருபது வயதுப் பையன்கள் செய்கிற வேலை. ஏழாவது மாதம் வண்டியில் அடுக்கியிருந்த இரும்புக் குழாய்கள் சரிந்தன. ஊருக்கு மூன்றாம் நாள் கொண்டுவந்தார்கள்.

மாரி இதையெல்லாம் அழாமல்தான் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டாள்.

அன்புச்செல்வி சொன்னாள். பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் கோர்த்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. துண்டு துண்டாகத்தான் வந்தது. பெட்டியில் பிழை. என் பிழை. அண்ணன் அமுக்கியிருக்கிறார். அமுக்கியும் ஓடியிருக்காது. அமுக்கியது பதிவிலும் விழுந்திருக்காது. இப்போதுதான் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்ததில் தெரிந்தது.

மாரி புளியங்கொட்டை ஒன்றை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அவரு சொன்னதத்தான நீங்க இப்பச் சொல்றீங்க?"

"ஆமாங்க."

"அவரு அன்னைக்கே சொன்னாருங்களே. இதுக்கு எதுக்குங்க கம்ப்யூட்டரு?"

வெயில் கூரையின் நிழலை மெல்லத் தின்றுகொண்டு வந்தது. மாரி எழுந்து உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடிக்கச் சொல்லவில்லை. மறுபடி உட்கார்ந்தபோது அவள் குரல் மாறியிருந்தது.

"ஊரு பேசுனதுக்கு அவரு வெசனப்படலீங்க. நான் ஒருநாள் கேட்டுப் போட்டேன். நெசத்தச் சொல்லு, ரண்டு மடக்குப் போட்டுட்டுப் படுத்துட்டயா, எங்கிட்டயாவது சொல்லுன்னு கேட்டேன். என்னை நிமுந்து பாத்தாரு. அதுக்கப்பறம் அந்தப் பேச்சே எடுக்கலீங்க. மக்யா நாளு விடிஞ்சதும் ரிக் வண்டிக்குப் பேரு குடுத்துட்டு வந்தாரு." அவள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். "நானும் நம்பலீங்க அம்மணி. கூடப் படுத்து எந்திரிச்சவ நானே நம்பலீங்க."

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் தொடவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் விட்டு மகள் கனிஷ்கா வந்தாள். பிளஸ் ஒன் படிக்கிற பெண். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வந்திருப்பது யார் என்று கேட்காமலே பையோடு உள்ளே போய்விட்டாள்.

கிளம்பும்போது மாரி சொன்னாள்: "அடுத்த மாசம் அவருக்கு வருசாந்திரம். ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வருவாங்க. அவங்க முன்னால வந்து இதச் சொல்லுங்க. எனக்குச் சொன்னா என்ன ஆவுது? ஊரு வாயில அவரு இன்னும் தூங்கீட்டுத்தான் கெடக்காரு."

மறுநாள் செல்லமுத்துவிடம் மேசைமேல் பெட்டியை வைத்துக் காட்டினாள். அவர் மூன்று முறை தானே பட்டனை அமுக்கிப் பார்த்தார்.

"நாப்பத்திரண்டு பண்ணை அன்பு. வெயில் காலம் வருது."

"முதல்ல அதைச் சரி பண்ணிடறேங்க சார்."

மூன்று வாரம் பண்ணை பண்ணையாகப் போனாள். மோகனூர், சேந்தமங்கலம், எருமப்பட்டி என்று ஒரு நாளைக்கு இரண்டு, சில நாள் மூன்று. விசிறிப் பகுதி எதையாவது கொடுக்க நிற்கும்போதே வாங்கவும் தயாராக நிற்கும்படி நிரலை மாற்றினாள். மாற்றியதைத் தன் கணித நிரலில் போட்டு எல்லா வழியிலும் நடக்கவிட்டுத்தான் ஒவ்வொரு பெட்டியிலும் ஏற்றினாள். முட்டி நிற்கும் நிலை இல்லை என்று வந்தது. அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. மாற்றியது மொத்தம் ஒன்பது வரிதான்.

பண்ணைக்காரர்களிடம் புது வசதி ஏற்றுகிறோம் என்று சொல்லச் சொல்லியிருந்தார் செல்லமுத்து. அவளும் அப்படியே சொன்னாள். ஆனால் நவநீதகிருஷ்ணனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றபோது அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"செத்தவனுக்காக லெட்டர் எழுதி என்ன ஆவப்போகுது? கம்பெனிய மூடச் சொல்றயா? இத நம்பி அஞ்சு குடும்பம் இருக்குது."

"அவருக்கும் குடும்பம் இருக்குதுங்க சார்."

அவர் திட்டவில்லை. கம்பெனி பேர் போட்ட தாளில் எழுதாதே என்று மட்டும் சொன்னார். அவள் வெள்ளைத்தாளில் தன் பேரில் எழுதினாள். பழைய அறிக்கையின் ஒவ்வொரு வரியையும் எடுத்து, அது எப்படித் தப்பாகப் படிக்கப்பட்டது, அப்படிப் படிக்கட்டும் என்று தான் எப்படி விட்டுவிட்டோம் என்று எழுதினாள். கடைசியில் அந்தப் பன்னிரண்டு வரிகளையும் தமிழில் வரிசையாகப் போட்டாள்.

நவநீதகிருஷ்ணன் அலுவலகத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்து படித்தார். ஒருமுறை படித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. ஆனா அவரு சொன்னதை நான் கேக்கவும் இல்லீங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே ஆட்கள் முட்டை அட்டைகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இருவது வருசம் எங்கிட்ட இருந்தான். கை நீட்டிப் போட்டேன்" என்றார்.

வருசாந்திரத்துக்கு வருகிறேன் என்றார். அவள் தேதியை எழுதிக் கொடுத்தாள்.

மார்ச் மாதம் அந்த நாள் வந்தது. நீலக் கதவுக்கு முன்னால் பந்தல் போட்டு நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சடையனின் போட்டோவுக்குச் செவ்வந்தி மாலை. படையல் முடிந்து இலை போடுவதற்கு முன்னால் மாரி அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். அன்புச்செல்வி ரோட்டைப் பார்த்தாள். நவநீதகிருஷ்ணனின் கார் வரவில்லை. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தார்கள். அவர் வரவே இல்லை.

வாழ்நாளில் பத்துப் பேர் முன்னால்கூடப் பேசியிராதவள் எழுந்து நின்றாள். நிரல் என்ற சொல்லையே எடுக்கவில்லை. பெட்டிக்குள் ரெண்டு பேர் இருக்கிற மாதிரி வெச்சுக்குங்க என்றாள். ஒருத்தர் விசிறிக்காரர், ஒருத்தர் ஜெனரேட்டர்காரர். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருத்தருக்கொருத்தர் சேதி சொல்ல வந்தார்கள். ரெண்டு பேருமே சொல்ல நின்றார்கள், கேட்க ஆள் இல்லை. அண்ணன் வெளியில் நின்று பட்டனை அமுக்கி அமுக்கிக் கூப்பிட்டார். உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. அவர் தூங்கவில்லை. குடிக்கவில்லை. அவர் செய்யவேண்டியதை எல்லாம் செய்தார்.

முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் காதில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப ஆரு சாமி தப்பு?"

"என் தப்புங்க" என்றாள் அன்புச்செல்வி. "அந்தப் பெட்டிக்குள்ள எழுதுனது நான். அவரு சொன்னப்ப நம்பாம எழுதிக் குடுத்ததும் நான்."

யாரோ ஒரு பெண் ஓவென்று அழ ஆரம்பித்தாள். சடையனின் தங்கையாம். மாரி அழவில்லை. போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "இருந்தாலும் ஒரு மடக்காச்சும் போட்டிருப்பான், கரண்ட் போன நேரத்துக்கு" என்று முணுமுணுத்ததும் அன்புச்செல்வி காதில் விழுந்தது. நாற்பது பேர் முன்னால் சொன்னாலும் சிலர் மனதில் அந்தப் பேச்சு அப்படியேதான் இருக்கும் என்று அப்போது தெரிந்தது.

சாப்பிட்டுவிட்டுப் போங்க என்று யாரோ இலைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். நாலு வாய் சாப்பிட்டாள். கை கழுவப் போன இடத்தில் மாரி வந்து நின்றாள்.

"அந்தப் பேப்பரு, மொதலாளிக்குக் குடுத்தது. அதுல ஒண்ணு எனக்குக் குடுங்க."

அன்புச்செல்வி பையிலிருந்து நகலை எடுத்துக் கொடுத்தாள். மாரி அதை வாங்கித் தன் மகளிடம் நீட்டினாள். கனிஷ்கா அங்கேயே நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் தாளை மடிக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

"இனிமேல் வராதீங்க அம்மணி" என்றாள் மாரி. கோபமாகச் சொல்லவில்லை. "உங்களப் பாத்தா, அவரு என்னை நிமுந்து பாத்ததுதான் ஞாபகத்துக்கு வருது."

"சரிங்க" என்றாள் அன்புச்செல்வி.

ஜூன் மாதம் எம்.ஈ. வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அவளுடைய வேலையைப் புகழ்ந்தார். கோழி ஷெட் உதாரணம் பிரமாதம், கற்பனையாக யோசித்ததா நிஜமா என்று கேட்டார். நிஜம்தான் என்றாள். சேதம் எவ்வளவு என்று கேட்டார். பதிமூணாயிரம் கோழி என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். பேராசிரியர் அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொன்னார். புரட்டினாள். அதன்பிறகு, "ஒரு ஆளும்" என்றாள். குரல் சரியாக எழும்பவில்லை. தேர்வாளர் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார், அவருக்குக் கேட்டிருக்காது.

அவள் இன்னும் அந்த டயர் கடை மாடியில்தான் வேலை செய்கிறாள். செல்லமுத்து அவளைப் போகச் சொல்லவில்லை, அவளும் போகவில்லை. இப்போது வெளியே போகும் பெட்டிகளில் பச்சைப் பட்டன் நிரலுக்குள் போவதில்லை. அங்கிருந்து தனி வயர் நேரே விசிறிக்குப் போகிறது. அலமாரிக்குப் பூட்டுக் கிடையாது. பெட்டி மாட்டியபின் பண்ணையில் வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எதுவாவது வித்தியாசமாகத் தெரிந்ததா என்று கேட்கிறாள். பெரும்பாலும் ஒன்றுமில்லைங்க என்பார்கள். அவள் உடனே எழுந்துவிடாமல் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.